பழைய நிரலகமும் புதிய வழங்கலும்: ஒத்தியங்காமையின் வரலாற்றில் தமிழ் எழுத்து



நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரைத் தமிழில் குனோங் ராபாட் என்று எழுதுகிறோம். சாலைப் பலகையில் இருப்பதோ குனுங் ராபாட். 1972-ஆம் ஆண்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் உரோமன் எழுத்தில் மலாய்மொழியை எழுதும் முறையை ஒன்றுபடுத்தின. அப்போது குனோங் குனுங் ஆயிற்று; கம்போங் கம்புங் ஆயிற்று; தெலோக் தெலுக் ஆயிற்று. தமிழ் வழக்கு மட்டும் பழைய எழுத்துமுறையை விடவில்லை. மூடிய அசையில் உகரம் ஓகரச் சாயல் பெறுவது மலாய்மொழியின் ஒலிப்பியல்பு என்பதால், நம்முடைய வடிவம் செவிக்குப் பிழையாகவும் படுவதில்லை. சகர ஒலிக்கு இரண்டு உரோமன் எழுத்துகளை இட்ட பழைய முறையும் அதே ஆண்டில் நீங்கியது. ஆனால் ஈப்போவுக்கு வடக்கே உள்ள செமோர் இன்றும் அந்த இரண்டெழுத்துடனேயே எழுதப்படுகிறது.

இம்மாற்றங்கள் எவையும் ஒரு கடிதத்தைக்கூடத் திசைதிருப்பியிருக்கமாட்டா. அஞ்சல் ஊழியர் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அறிந்தவர். 1982-இல் தெலுக் அன்சன் என்ற நகரம் தெலுக் இந்தான் ஆனது வேறுவகை மாற்றம். அங்கே மாறியது எழுத்துக்கூட்டு அன்று, பெயரே. பழைய பெயரை எழுதிய கடிதம் போய்ச் சேர, இன்னது இன்னதாயிற்று என்ற செய்தி எவரிடமாவது இருந்தாக வேண்டும். மனிதர் இவ்விருவகை மாற்றங்களையும் நினைவினாலும் ஊகத்தினாலும் சமாளித்துவிடுகிறார்கள். கணினிக்கு ஊகம் இல்லை. ஆகவே கணினியை ஆள்வோர், பழைய பெயரில் கேட்டு வருபவருக்கு என்ன விடை சொல்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியவர்களாகிறார்கள். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை வழங்குவோர் முப்பதாண்டுகளுக்கு மேலாக இதை எவ்வாறு செய்துவருகின்றனர் என்பதும், அவ்வரலாற்றில் தமிழ் எழுத்து எவ்விடத்தில் வந்து கலந்தது என்பதும் இச்சொற்பொழிவின் பொருள்.

முதலில் ஒரு கலைச்சொல். கணினியில் ‘லைப்ரரி’ எனப்படுவதை நூலகம் என்று மொழிபெயர்த்தவர் உளர்; நிரலகம் என்பதே பொருத்தமானது. எழுத்தைத் திரையில் வரைதல், தேதியைக் கணக்கிடுதல், ஒரு கோப்பின் பகுதியை நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் படியெடுத்தல் போன்ற பொதுவேலைகளை ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியே எழுதிக்கொள்வதில்லை. அவற்றை ஒருவர் ஒருமுறை எழுதி நிரலகமாக வைக்கிறார். மற்ற மென்பொருள்கள் இயங்கும் வேளையில் அதனைக் கூப்பிட்டுப் பயன்படுத்துகின்றன. ஊர்ப்பொதுக் கிணறு போன்றது அது. கிணற்றைத் தூர்வாரினால் எல்லாருக்கும் நன்மை. கிணற்றின் இடத்தையே மாற்றினால், பழைய தடத்தில் குடத்துடன் வருபவர் வெறுங்கையோடு திரும்புவார்.

இந்த இடமாற்றத்தைத்தான் இருமநிலை ஒத்தியங்காமை என்கிறோம். நிரலகத்தின் உள்வேலை மாறலாம். வெளியாருக்குத் தந்த வாக்கு மாறக்கூடாது. எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும், எத்தனை செய்திகளை எந்த வரிசையில் ஒப்படைக்க வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பனவே அவ்வாக்கு. வாக்கு மாறியே தீரும் நிலை வந்தால், நிரலகம் தன் கோப்புக்குள் பொறித்துவைத்திருக்கும் பெயரின் இறுதி எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது லினக்ஸ் உலகின் மரபு. ‘எஸ்ஓ நேம்’ எனப்படும் இதனை ஒப்பந்தப் பெயர் என்று நாம் அழைத்துக்கொள்ளலாம். எண் மாறாதவரை ஒப்பந்தம் பழையது. எண் மாறிவிட்டால் அது வேறு நிரலகம். முன்னதும் பின்னதும் ஒரே கணினியில் அருகருகே வாழலாம். குனோங், குனுங் ஆனது முதல்வகை. தெலுக் அன்சன், தெலுக் இந்தான் ஆனது இரண்டாம்வகை.

லினக்ஸின் முதல் வடிவம் வெளிவந்தது 1991-இல். ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளியானதும் அதே ஆண்டில்தான். தமிழ் எழுத்துகள் அதில் இடம்பெற்றிருந்தன. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. அந்தப் பத்தாண்டுகளில் இரு பக்கமும் நிகழ்ந்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே நோயின் இரண்டு வரலாறுகளைப் படிப்பதுபோல் இருக்கும்.

லினக்ஸ் பக்கம் அடித்தளமாய் இருப்பது சி நிரலகம். கணினியிலுள்ள ஏறத்தாழ எல்லா மென்பொருளும் அதன்மீதே நிற்கின்றன. தொடக்க ஆண்டுகளில் லினக்ஸார் கனூ திட்டத்தின் சி நிரலகத்திலிருந்து கிளைத்த தனிவடிவம் ஒன்றை வளர்த்துவந்தனர். 1997-இல் கனூ திட்டத்தின் இரண்டாம் தலைமுறை நிரலகம் வெளிவந்தபின் அக்கிளையைக் கைவிட்டு மூலத்துக்கே திரும்ப முடிவுசெய்தனர். பழையது லிப்சி5, புதியது லிப்சி6. இரண்டின் வாக்குகளும் வேறுவேறு. லிப்சி5-ஐ நம்பித் தொகுக்கப்பட்ட மென்பொருள் லிப்சி6-இல் இயங்காது. ஒரே மென்பொருளுக்குள் இரண்டையும் கலந்தால் விளைவு இயங்காமையைவிட மோசம்: சிலகாலம் ஓடும், பிறகு காரணம் சொல்லாமல் விழும்.

1993-இல் தொடங்கப்பட்ட டெபியன் வழங்கல் இதனைக் கையாண்ட விதம் படிக்கத்தக்கது. 1998 ஜூலையில் வெளிவந்த டெபியன் 2.0 லிப்சி6-க்கு மாறியது. ஆனால் லிப்சி5-ஐ அது தூக்கியெறியவில்லை. பழைய மென்பொருளை வைத்திருப்போருக்காக அந்நிரலகத்தையும் அதன் துணை நிரலகங்களையும் உடன்வழங்கியது. இன்றும் டெபியன் களஞ்சியத்தில் ‘பழைய நிரலகங்கள்’ என்னும் பெயரில் ஒரு பிரிவு இருக்கிறது. நிரலகம் தாங்கிய பொதியின் பெயரிலேயே ஒப்பந்த எண்ணும் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நெறிமுறை. முன்னதும் பின்னதும் ஒன்றையொன்று அழிக்காமல் அருகருகே நிற்க அதுவே வழி. எண் மாறும்போதெல்லாம், அந்நிரலகத்தைச் சார்ந்த எல்லாப் பொதிகளையும் மீண்டும் தொகுத்து, அவை யாவும் ஒருங்கே இயங்குகின்றன என்று கண்ட பின்னரே அடுத்த நிலைக்கு அனுப்புகின்றனர். தாலி கட்டியவுடன் பழைய வீட்டை இடித்துவிடாத குடும்பத்தார் அவர்கள். லிப்சி6 என்ற பெயரும் எண்ணும் அன்றுமுதல் இன்றுவரை மாறவில்லை. உள்ளே எத்தனையோ ஆயிரம் மாற்றங்கள். வெளியே 6 மட்டும் நிலைத்திருக்கிறது.

இனித் தமிழ்ப் பக்கம். 1990-களில் தமிழில் கணினி அச்சுக்கோத்தவர்கள் அனைவரும் எழுத்துருவையே எழுத்து என்று கொண்டனர். உரோமன் எழுத்துகளுக்குரிய 256 இடங்களில் தமிழ் வடிவங்களை இட்டு நிரப்பினர். ககரம் எந்த இடத்தில் அமர வேண்டும் என்பதை எழுத்துருவை வரைந்தவரே முடிவுசெய்தார். நம் நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இன்னும் பல. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் மேற்குறியிட்ட உரோமன் எழுத்துகளின் குவியலே தெரியும். நிரலக உலகில் இதற்கு ஒப்பானது, ஒப்பந்த எண்ணே இல்லாமல் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி கிணறு வெட்டியதாகும்.

இதனைச் சீர்செய்ய இரண்டு முயற்சிகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்தன. உலகத்தமிழ் ஆர்வலர்கள் கூடித் திஸ்கி என்ற பொதுக்குறியேற்றத்தை உருவாக்கினர். 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் திஸ்கியில் வெளியிட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. மறு ஆண்டில் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001-இல் தமிழிணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. தரம் ஒன்றாக வேண்டும் என்று கூடியவர்கள் இரண்டு தரங்களோடு கலைந்தார்கள் என்று அக்காலத்தில் கேலி பேசியவர் உண்டு. நான் அதனைக் கேலியாகக் கொள்ளவில்லை. இருபது தனிமொழிகள் இரண்டு கிளைமொழிகளாகக் குறைந்தது முன்னேற்றமே.

திஸ்கியின் உள்ளமைப்பைச் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். பின்வரும் செய்தி அதில்தான் தொங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் வரிசையே அதில் எழுத்தின் வரிசை. ‘கொட்டகை’ என்ற சொல்லில் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று மூன்று வடிவங்களாக முதலெழுத்து பதிவாகும். இறுதி ‘கை’யில் ஐகாரக்குறி முன்னும் ககரம் பின்னுமாக நிற்கும். அச்சுக்கோப்பவர் ஈய எழுத்தை எடுத்தடுக்கிய முறை அது. ஒருங்குறி இதற்கு மாறாக ஒலிப்பு வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் ககர மெய், பின்னர் ஒகர உயிர்க்குறி. மெய்முன் உயிர் வந்து புணர்வதாகக் கூறும் நம் இலக்கண மரபுக்கு அதுவே நெருக்கமானது. ஆகவே திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறுவது ஒரு பட்டியலைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து மாற்றும் வேலையன்று. கொம்பைக் கண்டதும் நிறுத்திவைத்து, அடுத்து வரும் மெய்யைப் பார்த்து, அதன்பின் கால் வருகிறதா என்று மேலும் பார்த்து, அதன்பிறகே விடை எழுத வேண்டும்.

இந்த வேலையைச் செய்யும் நிரல் எங்கே இருக்கிறது என்பது தமிழறிஞர் பலருக்குத் தெரியாத செய்தி. லினக்ஸின் அடித்தளம் என்று மேலே குறித்த அதே கனூ சி நிரலகத்துக்குள் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டில் புரூனோ ஹைபிள் என்னும் ஐரோப்பிய நிரலாளர் திஸ்கி மாற்றியை எழுதி அந்நிரலகத்தில் சேர்த்தார். அன்றுமுதல் உலகில் எங்கெல்லாம் டெபியனோ, ரெட் ஹேட்டோ, உபுண்டுவோ தன் மாற்றிப் பொதிகளோடு நிறுவப்படுகிறதோ அங்கெல்லாம் திஸ்கியைப் படிக்கும் ஆற்றலும் உடன் செல்கிறது. ‘ஐகான்வ்’ என்ற கட்டளையிடம் தான் அறிந்த குறியேற்றங்களைப் பட்டியலிடச் சொன்னால் திஸ்கியும் அதில் வரும். தமிழர் எவரும் அரசாணை பெறவில்லை, மாநாடு கூட்டவில்லை. ஒப்பந்தத்தை மதிக்கும் ஒரு நிரலகத்தில் ஒருமுறை ஏறியது, இருபதாண்டுகளுக்கு மேலாக இறங்காமல் இருக்கிறது.

இதற்கு எதிர்முகமான செய்தி ஒன்றும் உண்டு. திஸ்கி, டாப், டாம், பாமினி, அஞ்சல் எனப் பலவற்றை ஒருங்குறிக்கு மாற்ற ஆர்வலர்கள் பைத்தான் மொழியில் சிறுசிறு நிரல்கள் எழுதிவைத்தனர். அவற்றுள் பெரும்பாலானவை பைத்தான் 2-இல் எழுதப்பட்டவை. பைத்தான் 3-இல் எழுத்துச்சரமும் பைட்டுச்சரமும் வேறு இனங்கள் ஆயின. எந்த மொழிப்பகுதியைக் கையாள அந்நிரல்கள் எழுதப்பட்டனவோ, சரியாக அப்பகுதியிலேயே மாற்றம் நேர்ந்தது. 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது. 2023-இல் வெளிவந்த டெபியன் 12-இல் அது இல்லை. பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக்கும் பாலமே பழையதாகிவிட்டது. தொடர்ந்து பேணப்பட்ட ஓப்பன் தமிழ் போன்ற நிரலகங்கள் மறுகரை சேர்ந்தன. பேணுநர் இல்லாத சிறு நிரல்கள் சேரவில்லை.

ஒப்பந்தம் என்றால் என்ன என்பதிலேயே கருத்துவேறுபாடு எழுந்த நிகழ்ச்சியொன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். மொழியியலாருக்கு இதைவிடச் சுவையான வழக்கு கணினி உலகில் இல்லை. நினைவகத்தில் ஓரிடத்திலுள்ளதை வேறிடத்துக்குப் படியெடுக்கும் செயற்கூறு ஒன்றுண்டு; அதன் பெயர் மெம்காப்பி. மூல இடமும் சேரிடமும் ஒன்றன்மேலொன்று படிந்திருந்தால் இதனைப் பயன்படுத்தக்கூடாது, மெம்மூவ் என்ற வேறொன்றைப் பயன்படுத்த வேண்டும் என்பது சி மொழியின் விதி. ஆனால் மெம்காப்பி பலகாலம் முன்னிருந்து பின்னாகப் படியெடுத்துவந்ததால், விதியை மீறியவர்களுக்கும் பெரும்பாலும் தீங்கு நேரவில்லை. 2010-இல் புதிய செயலிகளில் விரைவு கருதிச் சி நிரலகத்தார் அவ்வேலையைப் பின்னிருந்து முன்னாகச் செய்யும்படி மாற்றினர். பெடோரா 14 வழங்கலில் அடோபி ஃபிளாஷ் வழியே கேட்ட இசை கரகரத்தது. பிழை ஃபிளாஷுடையது என்றனர் நிரலகத்தார். விதி அவர்கள் பக்கம். பயனருக்கு நேற்று இயங்கியது இன்று இயங்கவில்லை என்பதே பொருட்டு என்று வாதிட்டார் லினஸ் டோர்வால்ட்ஸ்; வழக்கு அவர் பக்கம்.

முடிவு என்னவாயிற்று? 2011-இல் வந்த பதிப்பில் மெம்காப்பிக்கு இரண்டு உருவங்கள் தந்தனர். புதிதாகத் தொகுக்கப்படும் மென்பொருள் புதிய உருவத்தைப் பெறும். முன்பே தொகுக்கப்பட்டது, தன்மீது பொறித்த பதிப்புக்குறியைக் காட்டிப் பழைய உருவத்தைப் பெறும். அவ்வுருவம் விதிமீறலையும் பொறுத்துக்கொள்ளும். தொல்காப்பியக் கிளவியாக்கம் படித்தவர் இதற்குப் பெயர் தேட வேண்டியதில்லை. வழு வழுவே, ஆயினும் வழக்கில் நிலைத்தமையால் அமைத்துக்கொள்ளப்படுகிறது. வழுவமைதி என்ற கருத்து இலக்கணத்தின் தளர்ச்சி என்று சிலர் எண்ணுகின்றனர். என் கருத்தில், இலக்கணம் மக்களுக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றும் பொறி அது.

ஒருங்குறி இன்னும் கடுமையான வாக்குத் தந்திருக்கிறது. 1996-இல் அதன் இரண்டாம் பதிப்பு கொரிய எழுத்துகளை இடம்பெயர்த்தது. பழைய இடங்களை நம்பி எழுதப்பட்ட யாவும் பயனற்றுப்போயின. அதன்பின், ஒருமுறை இட்ட எழுத்து இடம்பெயராது, ஒருமுறை வைத்த பெயர் மாறாது என்ற கொள்கை உறுதியாயிற்று. இதன் விளைவுகள் சில நமக்கு உறுத்தும். நம் ஆய்தத்தின் பெயர் அங்கே ‘தமிழ் விசர்க்கக் குறி’. தமிழில் வழங்காத அனுஸ்வாரத்துக்கும் நம் பகுதியில் இடம் உண்டு. இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே சட்டகத்தைப் போர்த்திய 1988-ஆம் ஆண்டு இஸ்கி தரத்திலிருந்து வந்த எச்சங்கள் இவை. மேடையில் இவற்றைக் கண்டிப்பது எளிது; நானும் என் மாணவர்களும் கண்டித்திருக்கிறோம். ஆனால் பெயரைத் திருத்தினால் அப்பெயரைக் கொண்டு தேடும் நிரல்கள் முறியும். திருத்தம் கேட்பவர் அந்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சேர்த்தலும் முறிவைத் தரும் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. 2005-இல் ஒருங்குறியின் 4.1 பதிப்பு ஶகரத்தைச் சேர்த்தது. அதுவரை ஸ்ரீ என்ற வடிவம் ஸகரத்திலிருந்து பிறந்தது. இப்போது ஶகரத்திலிருந்தும் பிறக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு. பேராக் மாநிலக் கோயில்களின் பெயர்ப்பட்டியலை ஒருவர் ஒரு முறையிலும் மற்றவர் வேறு முறையிலும் உள்ளிட்டால், தேடுபவருக்குப் பாதிக் கோயில்கள் அகப்படா. எழுத்துச் சீர்திருத்தத்தில் இவ்விடர் நேரவில்லை என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1978-இல் தமிழக அரசு ஏற்ற சீர்திருத்தத்தால் ணா, றா, னா வரிசையும் ணை, லை, ளை, னை என்பனவும் ஆகப் 13 எழுத்துகளின் வடிவம் மாறிற்று. ஒருங்குறியில் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் குறி ஒன்றே, வேறுபாடு எழுத்துருவினுடையது. பழைய அச்சுநூலை உள்ளதுபோல் காட்ட விரும்புபவர் எழுத்துருவை மாற்றினால் போதும். வாக்கு மாறாமல் உள்வேலை மட்டும் மாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும், அது இயங்காத இடங்களுக்காக டேஸ்16 என்பதையும் ஏற்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் தரும் டேஸ்16 இலக்கண நோக்கில் அழகியது. எனினும் அது அமர்ந்திருப்பது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதி. அங்கே எவரும் எவருக்கும் வாக்குத் தருவதில்லை.

குறியை வடிவமாக்கித் திரையில் வரைவது இன்னொரு நிரலகத்தின் வேலை. லினக்ஸில் அது ஹார்ஃப்பஸ். முன்பு கேடியீ திரைத்தளத்துக்கு அடிப்படையான க்யூட்டியும், குனோமுக்கு அடிப்படையான பாங்கோவும் ஒரே மூலநிரலின் படிகளைத் தனித்தனியே வளர்த்துக்கொண்டிருந்தன. பெஹ்தாத் எஸ்ஃபபோத் அதனைப் புதிதாக எழுதிய பின்னர், 2012 முதல் பாங்கோ அதன்மீது நின்றது. இந்திய மொழிகளுக்கான எழுத்துருக்களில் பழைய அடையாளம், புதிய அடையாளம் என இரு வகை உண்டு. ஹார்ஃப்பஸ் இரண்டையும் ஏற்கிறது. அதனால்தான் பதினைந்தாண்டுக்கு முந்திய தமிழ் எழுத்துருவும் இன்றைய உபுண்டுவில் கொம்பை உரிய இடத்தில் வைக்கிறது. பெயரைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு: ஹர்ஃப் என்ற அரபுச்சொல்லோடு திறந்த என்னும் பொருளுடைய பாரசீகச் சொல் சேர்ந்தது அது. அதே ஹர்ஃபின் பன்மையே மலாய்மொழியில் எழுத்தைக் குறிக்கும் ‘ஹுருஃப்’. நம் பிள்ளைகள் பள்ளியில் நாள்தோறும் சொல்லும் சொல்தான்.

இத்தகைய பெயர்ச்சிகள் முடிந்துவிட்டன என்று எண்ண வேண்டா. 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து நொடிகளை எண்ணிக் காலத்தைக் காட்டும் பழைய 32 பிட்டுக் கணக்கு, 2038 ஜனவரி 19-ஆம் நாள் நிரம்பி வழியும். அதனை முன்கூட்டியே தவிர்க்க, டெபியனார் 2024-இல் பல நூறு நிரலகப் பொதிகளுக்குப் புதுப்பெயர் சூட்டி, சார்ந்தவற்றையெல்லாம் மறுபடி தொகுத்தனர். பெயரின் இறுதியில் ‘டி64’ என்ற ஒட்டைச் சேர்த்தனர். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 அம்மாற்றத்தோடு வந்தது. பழைய இன்டெல் 32 பிட்டுப் பிரிவை மட்டும் மாற்றாமல் விட்டனர். அப்பிரிவு இன்று வாழ்வதே பழைய மென்பொருளை இயக்குவதற்காக. அதன் காலக்கணக்கை மாற்றினால் அது வாழ்வதன் பயனே கெடும். எல்லாவற்றையும் ஒரே நெறிக்குள் அடைக்காமல், எது யாருக்காக இருக்கிறது என்று கேட்டு முடிவுசெய்த இச்செயலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வேறு வழியும் உண்டு. ஃபிளாட்பேக், ஸ்னாப் போன்ற முறைகளில் மென்பொருள் தனக்கு வேண்டிய நிரலகங்களைப் பெருமளவு தன்னோடு கட்டிக்கொண்டே வருகிறது. பொதுக்கிணற்றை நம்பாமல் ஆளுக்கொரு குடம். முறிவு குறையும். ஆனால் கிணற்றில் நஞ்சு கலந்திருப்பது தெரிந்தால் ஒருமுறை தூர்வாரினால் போதாது. ஒவ்வொரு குடத்தையும் தேடிச் சென்று கவிழ்க்க வேண்டும். சிறு எண்ணிக்கையினர் பேசும் மொழிகளுக்குப் பொதுக்கிணறே நல்லது என்பது என் துணிபு. திஸ்கி மாற்றி ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் தனித்தனியே இருந்திருந்தால், இன்று எதிலும் இராது.

இவையெல்லாம் பேராக் தமிழருக்கு ஏன் வேண்டும்? இம்மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் கலைந்த காலத்தின் பிற்பகுதியும், தமிழில் கணினி அச்சு பரவிய காலமும் ஒன்று. பள்ளி மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், சங்க ஆண்டறிக்கைகள், முதியோரிடம் கேட்டெழுதிய நினைவுக்குறிப்புகள் பல 1990-களில் தனியார் எழுத்துருக்களில் உள்ளிடப்பட்டன. அச்சான படி கரையானுக்குப் போயிருக்கலாம். கோப்பு ஒரு நெகிழ்வட்டிலோ, பழைய கணினியின் நிலைவட்டிலோ இருக்கிறது. பெரட்டு, தண்டல், கிராணி, ஆயாக்கொட்டகை, மங்கு, ஒட்டுப்பால் என்னும் சொற்கள் எந்த வாக்கியத்தில் எப்பொருளில் வழங்கின என்பதற்கு அவையே எழுத்துச்சான்று.

திஸ்கியில் உள்ளவற்றை மேற்சொன்ன கட்டளை ஒரு நொடியில் மாற்றிவிடும். தனியார் எழுத்துருக்களில் உள்ளவற்றுக்கு அட்டவணை வேண்டும். அதற்கு அந்த எழுத்துருவின் கோப்பு வேண்டும். ஆதலால் ஆவணத்தைத் தேடுபவர் எழுத்துருவையும் சேர்த்துத் தேட வேண்டும். அட்டவணை கிடைத்த பின்னரும் ஒரு கண்ணி உண்டு. அதில் சிக்குவது பேச்சுத்தமிழ்.

திஸ்கியில் ஔகாரத்தின் வலக்குறிக்குத் தனியிடம் இருக்கிறது. பல தனியார் எழுத்துருக்களில் அதற்கு ளகரத்தையே பயன்படுத்தினர். எனவே கொம்பு, மெய், ளகரம் என்ற தொடரைக் கண்டால், மாற்றி எழுதியவர்கள் அதனை ஔகாரமாகக் கொள்ளும்படி விதி செய்தனர். எழுத்துத்தமிழுக்கு இது பெரும்பாலும் சரி. கௌரவமும் மௌனமும் சரியாக வரும். ஆனால் பேச்சுத்தமிழில், அடுத்த அசையில் அகரம் இருந்தால் முதலசை இகரம் எகரமாகும் என்பது பரவலான ஒலிமாற்றம். இடம் எடமாகும், விளக்கு வெளக்காகும், கிளம்பு கெளம்பாகும். தோட்டத்துப் பாட்டி சொன்னதைச் சொன்னபடியே எழுதிய குறிப்பில் இவ்வடிவங்கள் நிறைந்திருக்கும். மாற்றி அவற்றை ‘வௌக்கு’ என்றும் ‘கௌம்பு’ என்றும் ஆக்கிவிடுகிறது. படிப்பவர் அதனை அச்சுப்பிழை என்று எண்ணி ‘விளக்கு’ என்று திருத்துவார். கிளைமொழிச் சான்று இரண்டு படிகளில் மறைந்துபோகும். எவர் மனத்திலும் ஐயம் எழாது.

இதற்குத் தீர்வு மாற்றியின் விதியை நீக்குவதன்று. நீக்கினால் கௌரவம் கெடும். மாற்றப்பட்ட கோப்பில் கௌ, வௌ, தௌ, சௌ முதலியன வருமிடங்களை மட்டும் பட்டியலிட்டு, மொழியறிந்த ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நூறு பக்க மலர் ஒன்றில் அப்படிப்பட்ட இடங்கள் மிகுதியாக இரா; ஒரு பிற்பகலில் முடியும் வேலை. மாற்றிய கோப்போடு மூலக்கோப்பையும், அதன் எழுத்துருவையும், மாற்றப் பயன்பட்ட அட்டவணையையும் ஒரே உறையில் வைக்க வேண்டும். இன்றைய அட்டவணையில் தவறு இருப்பது பின்னர் தெரிந்தால், மீண்டும் தொடங்குவதற்கு மூலத்தின் பைட்டுகள் வேண்டும்.